குளிப்பாட்டுவதற்கு முன்

டாக்டர் சார்,

இதை எழுதும்போது என் கையில் சீயக்காய் வாசனை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நகக்கண்ணில் ஏறிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

எந்த டப்பாவிலிருந்து எடுத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் அதே எவர்சில்வர் டப்பாதான். நம் ஹோமில் உயிரோடிருப்பவர்களுக்கு ஷாம்பு, இறந்துபோனவர்களுக்கு மட்டும் சீயக்காய். "இருக்கிறப்ப பாக்கெட் ஷாம்பு, போனப்புறம் ராஜ மரியாதையா?" என்று நீங்கள் என்னை எத்தனை முறை வம்புக்கு இழுத்திருக்கிறீர்கள்! உங்களுக்கென்று தனியாக அரைத்துப் பொட்டலம் கட்டி அந்த டப்பாவிலேயே வைத்திருந்தேன். அது உங்களுக்கு உதவாமலே போயிற்று. இன்று காலை சரோஜா அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். அந்த வாசனை எழும்பியதும் எனக்கு உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

முடிச்சூரில் என் மாமனார் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய லைன் வீடுகள்தான் இந்த முதியோர் இல்லம். ஏரித் தண்ணீர் புகுந்த வருஷம் குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துவிட்டுப் போனார்கள். நடுச்சுவர்களை இடித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்கு வலையடித்து நான் இதை ஹோமாக்கி, பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளச் சரோஜாவை வேலைக்கு வைத்தேன். நீங்கள் கிழக்குத் தாம்பரத்தில் கிளினிக் வைத்திருந்தீர்கள். வியாழக்கிழமைதோறும் உங்கள் பழைய ஸ்கூட்டரில் மேற்கே வந்து எல்லோருக்கும் பி.பி. பார்த்துவிட்டுப் போவீர்கள். யாராவது இறந்துபோனால் அன்றைக்கும் வருவீர்கள். நாடி பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவீர்கள். அதைக் காட்டினால்தான் மயானத்தில் ஏற்றுக்கொள்வார்கள்.

நீங்கள் வருவதற்குள் நாங்கள் உடம்பைத் தயார் செய்திருப்போம். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்? பெற்ற பிள்ளைகள் மேடவாக்கத்திலிருந்தும் ஓ.எம்.ஆரிலிருந்தும் டிராபிக்கில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள், அவர்களுடைய அப்பாவோ அம்மாவோ சீயக்காய் தேய்த்துக் குளித்து, துவைத்த துணி கட்டி, நெற்றியில் விபூதியோ குங்குமமோ வைத்துத் தூங்குகிற மாதிரி இருக்க வேண்டும். மற்ற ஹோம்களில் அழுக்கு நைட்டியோடு ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம்மிடத்தில் அது கிடையாது. வந்து பார்க்கிற பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். நீங்களும் அதைப் பார்த்து, "நல்லா அனுப்பி வெக்கிறீங்கம்மா" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

ராமபத்திரன் ஐயா இறந்த அன்றும் அப்படித்தான் செய்தோம்.

ஐயா ரிட்டயரான அக்கவுண்ட்ஸ் ஆபீசர். மனைவி இல்லை. மகள் மேடவாக்கத்தில், ஐ.டி. வேலை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. சாயங்காலமானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கைத்தடியோடு நம் கேட்டைத் தாண்டி எதிர் டீக்கடைக்குப் போவார். ஸ்ட்ராங்காக ஒரு டீ, அங்கே வரும் கொத்தனார்களோடு கொஞ்சம் அரசியல். திரும்பி வரும்போது முகத்தில் மாப்பிள்ளைக் களை இருக்கும். ஒருநாள் காலை இட்லி கொண்டுபோன சரோஜா, ஐயா எழுந்திருக்கவில்லை என்று ஓடி வந்தாள். தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. உங்களுக்கும் மகளுக்கும் போன் செய்துவிட்டு, வழக்கப்படி வெந்நீர் வைக்கச் சொன்னேன்.

நீங்கள் வந்தீர்கள். நாடி பார்த்தீர்கள். பிறகு, என்றைக்கும் இல்லாத வழக்கமாக, ஐயாவின் தலையைக் கையில் ஏந்தித் தடவிப் பார்த்தீர்கள். எதற்காக அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்தீர்கள் என்று பின்னால் கேட்டேன். "முந்தின வாரம்தான் பாத்தேன், மனுஷன் நல்லா இருந்தாரு. ஏன் போனாருன்னு எனக்குப் புரியல" என்றீர்கள். அவ்வளவுதான் காரணம். "திருப்புங்க" என்று சொன்னதும் சரோஜாவும் நானும் ஐயாவை ஒருக்களித்துப் பிடித்தோம். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. பின்னந்தலையில் ஒரு வீக்கம்.

"இது எப்ப ஆச்சு?"

சரோஜா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குளிப்பாட்டினப்ப பாக்கலையா?"

"பாத்தோம் சார். படுத்துக் கிடந்த தழும்பா இருக்கும்னு…" என்று நான் இழுத்தேன்.

நீங்கள் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிவிட்டீர்கள். "எனக்குத் தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஸ்டேஷனுக்குச் சொல்லிடுங்கம்மா."

எனக்கு வந்ததே கோபம்! இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஸ்டேஷன் என்ற வார்த்தையை என் வீட்டு வாசலில் யாரும் உச்சரித்தது கிடையாது. "உங்களுக்கென்ன சார், ஸ்கூட்டரை எடுத்துகிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு ஊர் முழுக்க என்ன பேசும்? கொன்னுட்டாங்கன்னு பேசும். இங்க இருக்கறவங்களை எல்லாம் பிள்ளைங்க வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்று கத்தினேன். நீங்கள் வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். போகவில்லை. அதைத்தான் அன்று என்னால் தாங்க முடியவில்லை. கையெழுத்தும் போடாமல், போகவும் போகாமல் ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தால் நான் யாரைப் பார்ப்பேன், யாரிடம் கெஞ்சுவேன்? கடைசியில் ஸ்டேஷனுக்கு நானேதான் போன் செய்தேன்.

மகள் வந்தாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விஷயம் தெரிந்ததும் அழுகை நின்றுவிட்டது. "போஸ்ட்மார்ட்டமா? எங்கப்பாவை அறுக்கணுமா? வயசானவர் சார், தூக்கத்துல போயிட்டார். அவரை நிம்மதியா விடுங்களேன்" என்று உங்கள் முன்னால் கைகூப்பி நின்றாள். நீங்களும் எழுந்து நின்று கைகூப்பினீர்கள். "எப்படிப் போனார்னு தெரியாம அனுப்பிட்டா, பின்னாடி உங்களுக்கு நிம்மதி இருக்காதும்மா" என்றீர்கள். அவள் உங்களை மனிதரே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். அன்று நான் அவள் பக்கம்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அறையை ஒரு சுற்று பார்த்தார். ஈரம் காயாத ஐயாவின் தலைமுடியைப் பார்த்தார்.

"யாரும்மா குளிப்பாட்டினது?"

"நாங்கதான் சார்."

"டாக்டர் வர்றதுக்கு முன்னாடியேவா? எதுக்கு?"

"எப்பவும் அப்படித்தான் சார் செய்வோம்."

"எப்பவுமேவா?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "இதுவரைக்கும் எத்தனை பேரு?"

ஐயோ, டாக்டர் சார்! என் பெருமையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வேறு ஏதோ ஆகிவிட்டது. யாருக்குச் சீயக்காய் தேய்த்துத் தலைவாரி விட்டோமோ, அவர்கள் எல்லோரையும் நாங்கள் ஏதோ கழுவி மறைத்துவிட்ட மாதிரி அவர் கேட்டார். அப்போதுதான் நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே வந்தீர்கள்.

"இது இவங்க வழக்கம் சார். நான் பல வருஷமாப் பாக்கறேன். குளிப்பாட்டி வெச்ச உடம்பைப் பாத்துதான் நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். திருப்பிப் பாத்தது கிடையாது. அதையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். தப்பித்துக்கொள்ள உங்களுக்கு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நீங்களாக உங்களைச் சேர்த்துக்கொண்டீர்கள். அதற்காக என் கோபம் அன்றைக்கே தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், தணியவில்லை.

சரோஜா அப்போதுதான் உடைந்தாள். அவள் வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவருக்கு விஷயம் தெரிந்தால் வேலையை விடச் சொல்லிவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம், போலீஸ் பயம் ஒரு பக்கம். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சொன்னாள். "நேத்து சாங்காலம் வுழுந்துட்டாரு சார். பாத்ரூம் வாசப்படி கட்டையில கால் இட்ச்சிக்கினாரு. தலை கதவுல மோதிச்சு. நான்தான் தூக்கி உட்கார வெச்சேன். சிரிச்சாரு சார். நல்லாத்தான் பேசினாரு. சொல்லாதன்னு என் கைய புட்ச்சிக்கினாரு. பொண்ணுக்குத் தெரிஞ்சா டீக்கடைக்கு வுட மாட்டா, கட்டில்ல கம்பி போட்டுப் படுக்க வெச்சிடுவான்னு அழுதாரு. எப்பிடி சார் சொல்லுவேன்?"

ஒரு டீக்காக அவர் கெஞ்சியிருக்கிறார். அந்தக் கெஞ்சலுக்காக இவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இதில் யாரைத் திட்டுவது?

அரசு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று உங்களைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. ஆனா ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்கலாம்" என்றீர்கள். உங்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்ல வராது.

விசாரணையில்தான் அந்தக் கட்டை விஷயம் வெளியே வந்தது. லைன் வீடு கட்டும்போது குளியலறைத் தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க வாசலில் நாலு விரல் உயரத்துக்கு சிமெண்ட் தடுப்பு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வாடகைக்கு இருந்த சின்ன வயசுக்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நம் ஹோம்காரர்கள் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடப்பவர்கள். போலீஸ் ஒவ்வொரு அறையாகக் கேட்டபோது, அதே மாதிரிக் கட்டைகளில் இன்னும் சிலர் இடறி விழுந்திருந்தது தெரிந்தது. எல்லோரும் "சொல்லாதே" என்றிருக்கிறார்கள், யாரும் என்னிடம் சொல்லவில்லை. விபத்து என்று கேஸை முடித்தார்கள். அரசாங்க ஆபீசிலிருந்து வந்து பார்த்து, ஹோமை நடத்தலாம், ஆனால் இன்னின்னது மாற்ற வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். சில குடும்பத்தார் தங்கள் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் போனார்கள். நான் பயந்தது நடந்தது, எப்படிப் போனார் என்று தெரிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் நடந்தது.

இனி இந்தப் பக்கம் வர மாட்டீர்கள் என்று நினைத்தேன். வியாழக்கிழமை வழக்கம்போல ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"திட்டு பாக்கி இருக்கா, முடிஞ்சுதா? முடிஞ்சா பி.பி. பாத்துட்டுப் போறேன்."

"பாக்கி இருக்கு. பி.பி.யைப் பாத்துட்டு வாங்க, மிச்சத்தைத் திட்டறேன்."

அப்போது கொத்தனார் உள்ளே கட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் அந்தத் தூசிக்குள் நின்று, வீல்சேர் போகிற மாதிரி சரிவு வைக்கச் சொல்லி அவர் உயிரை எடுத்தீர்கள். சரோஜாவை வேலையைவிட்டு நிறுத்தப்போகிறேன் என்று சொன்னேன். "நிறுத்துங்க. அப்புறம் யாராவது விழுந்தா, வாயைத் திறக்கறவங்க ஒருத்தர் இங்க இருக்க மாட்டாங்க. விழுந்ததை வந்து சொன்னா திட்டக்கூடாதும்மா. அது உங்களுக்குக் கஷ்டம்தான், என்ன பண்றது" என்றீர்கள். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பாழாய்ப்போன சிரிப்பு.

அன்றிலிருந்து நம் ஹோமில் இரண்டு காரியம் மாறியது. விழுந்தால் அன்றைக்கே எனக்கும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரிம்மா" என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது, யாராவது இறந்தால் டாக்டர் வந்து முன்னும் பின்னும் பார்க்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. வெந்நீர் வைக்க அடுப்பையே பற்றவைக்க விடமாட்டீர்கள். ஒருமுறை நான் கேட்டேன். "எங்களுக்குத் தெரியாதா சார்? நாங்கதானே பாத்துக்கறோம், என்ன காரணம்னு நாங்களே சொல்லிடுவோமே." அதற்கு நீங்கள் சொன்னது எனக்கு அப்போது சுருக்கென்றது. "நம்ம மேல சந்தேகம் வர்ற இடத்துல நாமளே சொல்ற காரணம் செல்லாதும்மா. வெளியாள் வந்து பாக்கணும்."

பல மாதம் கழித்து ராமபத்திரன் ஐயாவின் மகள் வந்தாள். கட்டை இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். புது டைல்ஸ் பதித்த சரிவின் மேல் காலை வைத்து வைத்துப் பார்த்தாள். "அன்னைக்கு அப்படியே எரிச்சிருந்தா, நான்தான் அப்பாவை சரியாப் பாத்துக்கலையோ, மாத்திரை மாத்தி வாங்கிக் கொடுத்துட்டேனோன்னு காலம் முழுக்க நினைச்சுகிட்டே இருந்திருப்பேன் ஆன்ட்டி. டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றாள். சொன்னேன். நீங்கள் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துக்கொண்டே, "அவங்க திட்டினதுல நியாயம் இருந்துச்சு" என்றீர்கள்.

உங்கள் வீட்டம்மா போன பிறகு, கால் மரத்துப்போய் ஸ்கூட்டரை விற்றபோது, பெங்களூரில் இருக்கும் மகன் உங்களைத் தன்னோடு வரச் சொன்னார். இல்லையென்றால் நாவலூர்ப் பக்கம் லிஃப்ட், நீச்சல்குளம் எல்லாம் இருக்கிற பெரிய இடத்தில் சேர்க்கிறேன் என்றார். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் லைன் வீட்டுக்கு வந்தீர்கள். "ஏன் சார், இவ்வளவு இடம் இருக்க இங்கே?" என்று கேட்டேன்.

"வேற இடத்துல செத்தா என்னை யாரு திருப்பிப் பாக்கப்போறாங்க?"

"வாயைக் கழுவுங்க சார்!" என்று அதட்டினேன். நீங்கள் உடம்பு குலுங்கச் சிரித்தீர்கள். "எனக்கு டப்பாவுல இருக்கற பழைய பொடி வேண்டாம். புதுசா அரைச்சது வேணும், சொல்லிட்டேன்" என்றீர்கள். உங்கள் வாய்க்குப் பயந்து, பெருங்களத்தூர் மில்லில் சீயக்காயோடு வெந்தயமும் காய்ந்த ரோஜா இதழும் போட்டு அரைத்து வந்து பொட்டலம் கட்டிவைத்தேன். நீங்கள் அதை முகர்ந்துகூடப் பார்த்தீர்கள். "பரவாயில்லை" என்றீர்கள். உங்கள் அகராதியில் அது பெரிய பாராட்டு. என் காப்பிக்கு ஒருநாளும் அது கிடைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் காப்பியைப் பாதி குடித்துவிட்டு நாற்காலியிலேயே போய்விட்டீர்கள்.

எனக்கு அழ நேரமில்லை. மகனுக்குச் சொன்னேன், புது டாக்டருக்குச் சொன்னேன். உங்களுக்குப் பிறகு வியாழக்கிழமைகளில் வருகிறாரே, அந்தச் சின்ன வயசுக்காரர். மகன் தற்செயலாகச் சென்னையில் இருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டார். டாக்டரும் வந்தார். வாசலில் நின்றபடியே, "பெரிய டாக்டரா? வயசாச்சு, ஹார்ட் பேஷண்ட் வேற. நேச்சுரல்தான்" என்று பேனாவைத் திறந்தார்.

"திருப்பிப் பாருங்க சார்" என்றேன்.

"மேடம், அவரே டாக்டர். அவரைப் போய்…"

"அவரே டாக்டர்ங்கறதாலதான் சொல்றேன். பாருங்க."

சரோஜாவும் நானும் உங்களை ஒருக்களித்தோம். முதுகு சுத்தமாக இருந்தது. ஒரு புண் கிடையாது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் உங்கள் சட்டையைக் கழற்றினார். இடது கையின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, கறுத்துப்போன விரல் தடங்கள் வரிசையாக இருந்தன.

நான் சரோஜாவைப் பார்த்தேன். இந்த முறை அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "நான் புட்ச்சதுதான் அக்கா. தெனமும் நாற்காலிலேர்ந்து தூக்கறப்ப புட்ச்ச கை. அடிக்கல அக்கா, சத்தியமா அடிக்கல."

நான் நம்பினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் உங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டியதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டரும், "வயசானா தோல் மெல்லிசாயிடும் மேடம், தொட்டாலே இப்படி வரும். விடுங்க" என்றார்.

"இது அதனாலதான் வந்துச்சுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா சார்?"

"நிச்சயமான்னா… எப்படிச் சொல்றது?"

"தெரியாதுன்னா கையெழுத்துப் போடாதீங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கே உறைத்தது. உங்கள் மகன் எழுந்து வந்தார். "ஆன்ட்டி, என்ன பண்றீங்க? உங்க ஹோம் இது. நானே கம்ப்ளெயின்ட் பண்ணலையே! அப்பா உங்களை நம்பி வந்தார். அவரைப் போய் அறுக்கச் சொல்றீங்களா?"

"நம்பி வந்தாருங்கறதாலதான் தம்பி."

அவருக்கு அது புரியவில்லை. எனக்கே அந்த நேரத்தில் முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சரோஜாவின் வேலை, என் ஹோம், உங்கள் உடம்பு, எல்லாம் அந்தப் போனில் இருந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெந்நீர் வைத்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. உங்களுக்கும் வலிக்கப்போவதில்லை. என் விரல் நகரவில்லை, சார்.

சரோஜாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "பண்ணு அக்கா. நம்ம வாயால சொன்னா செல்லாதுன்னு அவுரே சொல்லிக்கினு இருப்பாரே. வெளியாளு வந்து பாக்கட்டும். நான் எங்கியும் போவல, இங்கியே கீறேன்."

பண்ணினேன்.

உங்களையும் அறுத்தார்கள், டாக்டர் சார். எழுதவே கை கூசுகிறது. இதயம்தான் நின்றிருக்கிறது. கையிலிருந்த தடங்கள் தூக்கும்போது பிடித்ததால் வந்தவை. தோல் மெல்லிசு, அதோடு ரத்தம் உறையாமலிருக்க நீங்கள் சாப்பிட்ட மாத்திரையும் காரணம். அங்கிருந்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "தப்பா ஒண்ணும் இல்ல. ஆனா இப்படிக் கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க. ஒருநாள் யாருக்காவது எலும்பு விட்டுடும்." அதன் பிறகு நாங்கள் யாரையும் கையைப் பிடித்துத் தூக்குவதில்லை. விரிப்பை அடியில் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் தூக்குகிறோம். சரோஜா புதிதாக வருகிறவர்களுக்கு உங்கள் கையைச் சொல்லித்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறாள்.

ஆனால் அங்கிருந்து சுற்றிக் கட்டித் தந்த உடம்பைக் குளிப்பாட்ட முடியாது. முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, விபூதி வைத்து, அப்படியே அனுப்பினோம். எத்தனையோ பேரைச் சீயக்காய் தேய்த்து அனுப்பிய என் வாசலிலிருந்து நீங்கள் குளிக்காமல் போனீர்கள். உங்கள் மகன் அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை. ராமபத்திரன் ஐயாவின் மகள் மாதிரி ஒருநாள் வருவார் என்று சரோஜா சொல்கிறாள். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அவர் திட்டியதிலும் நியாயம் இருக்கிறது. பொட்டலத்தை நான் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டேன்.

இன்று விடிந்ததும் பாப்பம்மாள் போய்விட்டாள். உங்களோடு சீட்டாடி ஏமாற்றுவாளே, அவள்தான். அவளுக்கென்று யாரும் கிடையாது. யாரும் காரில் வரப்போவதில்லை, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருந்தோம். அந்தச் சின்ன டாக்டர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் வாயைத் திறப்பதற்குள், "சரோஜாக்கா, கொஞ்சம் திருப்பிப் பிடிங்க" என்றார். தலையைத் தடவினார். முதுகு, இடுப்பு, குதிகால், கையிடுக்கு எல்லாம் பார்த்தார். அவசரப்படவில்லை.

"ஒண்ணுமில்ல மேடம். படுக்கையில கிடந்தவங்கன்னு சொல்லவே முடியாது, அவ்வளவு சுத்தமா வெச்சிருந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனாள். நான் டப்பாவை எடுத்துவந்து பொட்டலத்தை அவளிடம் நீட்டினேன்.

"டாக்டரோடதாச்சே அக்கா?"

"ஆமா. பிரி."

ரோஜா வாசனையோடு அறை முழுக்க மணந்தது. பாப்பம்மாளுக்கு ஏது அவ்வளவு முடி, ஒரு கைப்பிடி போதும். ஆனாலும் பொட்டலத்திலிருந்த உங்கள் பங்கு முழுவதையும் குழைத்துத் தலைக்கும் உடம்புக்கும் தேய்த்து, நானும் அவளுமாகக் குளிப்பாட்டினோம். உங்களுக்குச் செய்ய வேண்டியதை அவளுக்குச் செய்தேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். சீட்டாட்டத்தில் உங்களிடம் அவள் அடித்ததில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டலம் காலி. நாளைக்கு மில்லுக்குப் போக வேண்டும். அரைத்து வந்ததும் எனக்கென்று ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி வை என்று சரோஜாவிடம் சொன்னேன்.

"ஆனா அதைப் பிரிக்கறதுக்கு முன்னாடி டாக்டர் வந்து என்னையும் திருப்பிப் பாக்கணும். என் ஹோம்னு விட்டுடாத. ஏதாவது கண்ணுல பட்டா ஸ்டேஷனுக்குச் சொல்லு. என் பிள்ளைங்க எவ்வளவு கத்தினாலும் சொல்லு."

"வாயக் கழுவு அக்கா!" என்று அதட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, கையிலிருந்த சீயக்காயை உதறிக்கொண்டே, "சொல்றேன்" என்றாள்.